பயிற்சிக் கம்பத்தில் ஆறு ஓலைகள்

சென்ற மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று நிலையம் முழுவதும் வெள்ளையடித்தீர்களாம். நல்லது. கக்கூஸ் கதவுக்குக்கூட வர்ணம் பூசினீர்களாம். மிகவும் நல்லது. நான் பொறுப்பில் இருந்த காலமெல்லாம் அந்தக் கதவுக்கு வர்ணம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். அதே சுறுசுறுப்பில், முற்றத்தில் நிற்கும் பயிற்சிக் கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த காய்ந்த ஓலைகளையும் குப்பை என்று அறுத்துப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஓய்வு பெற்றவள் கோபித்துக்கொள்வதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை. விதிகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம், தேடிப் பார்த்துவிட்டேன். அந்த ஓலைகள் ஏன் அங்கே இருந்தன என்பது நிலையத்தின் எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைப்பது இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் வருஷத்தில் எல்லாருக்கும் வரும் வியாதி. காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். சிலருக்குப் போகாது, அவர்கள் பதவி உயர்வு பெற்றுவிடுவார்கள்.

ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் ஓசூரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் அன்று ராகி மூட்டை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மாடுகளுக்கு அவசரம் கிடையாது, வண்டிக்காரனுக்கும் கிடையாது. நாங்கள் சேலம் ஜில்லாவின் கடைசி மூலை. சாலையில் கொஞ்ச தூரம் போனால் மைசூர் ராஜ்யம். இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கடை. இந்த ஒரு வரியில் எங்கள் தாலுகாவின் பொருளாதாரம் முழுவதும் அடங்கிவிடும்.

மதுவிலக்கினால் குடித்தவன் திருந்தினானா என்பது வேறு விஷயம். கள் இறக்கியவன் வேலை இழந்தான், அது நிச்சயம். ஈச்சமரத்தையும் தென்னையையும் தவிர வேறொன்றும் அறியாத குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ இருந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுக்கத்தான் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து நம் நிலையத்தை ஆரம்பித்தார்கள். மதியத்துக்குக் களியும் கீரைக் குழம்பும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு கூடம், வாரத்தில் ஒரு நாள் மருந்து. இவை போக, தொழில். என்ன தொழில் என்பதை நிர்வாகக் குழு தீர்மானிக்கும். குழுவில் இருந்த யாரும் வாழ்நாளில் ஒரு மரத்தின் மேலும் ஏறியதில்லை. ஆகவே தையல், சோப்பு, தேனீ வளர்ப்பு என்று தீர்மானித்தார்கள்.

நான் நிலையப் பொறுப்பாளராக வந்தேன். அதற்கு முன்னால் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் விதிமுறைப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவள். இங்கே எல்லாரும் என்னை டீச்சரம்மா என்றார்கள். நான் ஒரு நாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. மூக்குக் கண்ணாடி போட்ட பெண்பிள்ளைக்கு வேறு பெயர் அவர்களிடம் இல்லை.

மாதப்பனை என்னிடம் அனுப்பியது போலீஸ். கள் இறக்குகிற வேலை போன பிறகு அவன் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் டியூபில் சாராயம் நிரப்பி இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். சோதனைச் சாவடியில் ஒருவர் நட்பாக முதுகில் தட்ட, டியூப் பேசிவிட்டது. மாஜிஸ்திரேட் அவனை நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார். தொழில் கற்று ஒரு வேலையில் அமர வேண்டும், மறுபடி சாவடியில் பிடிபட்டால் நேரே ஜெயில். பத்திரத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது நான்.

அவன் மனைவி ராமக்கா, இரண்டு பிள்ளைகளையும் பிள்ளைக் கூடத்தில் விட்டுவிட்டு நிலையத்தில் களி கிண்டினாள். முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இவன் ஜெயிலுக்குப் போனால் அவள் பிள்ளைகளோடு கல்லாவிப் பக்கம் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்ப மாட்டாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. களிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அதனால் நான் நம்பினேன்.

மாதப்பனைத் தையலில் போட்டோம். அவன் ஊசியில் நூல் கோப்பதற்குள் பக்கத்தில் இருப்பவன் ஒரு சட்டையை முடித்துவிடுவான். தேனீ வளர்ப்பில் போட்டோம். பெட்டியைத் திறந்து, தேனை எடுத்து, வேலை முடிந்தது என்று பூச்சிகளைப் பறக்கவிட்டுவிட்டான். மரத்துத் தேனை அப்படித்தான் எடுப்பார்கள், பூச்சியை வீட்டில் வைத்துச் சோறு போடுவது யார் வழக்கம் என்று கேட்டான். குழுவுக்கு நான் எழுதிய விளக்கத்தில் பூச்சிகள் "இடம் பெயர்ந்தன" என்று குறிப்பிட்டேன். பொய் இல்லை.

இப்படியே போயிருந்தால் அவன் சாவடிக்கும் நான் கோர்ட்டுக்கும் போயிருப்போம். ஒரு குடியரசு தினத்தன்று நிலையத்துக் கொடிமரத்தின் உச்சியில் இருந்த கப்பி மாட்டிக்கொண்டது. கொடி பாதி வழியில் நின்றுவிட்டது. கொடி பாதியில் நின்றால் துக்கம் என்று பொருள், எங்கள் தலைவரோ மாலையும் கழுத்துமாக உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்யலாம் என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதப்பன் தோள் துண்டை முறுக்கிக் காலுக்கு வளையமாகப் போட்டுக்கொண்டு, நடந்து போகிறவன் மாதிரி மேலே போனான். கப்பியை ஒரு தட்டுத் தட்டினான். கொடி ஏறியது. கீழே வந்து பழைய வரிசையில் பழைய இடத்திலேயே நின்றுகொண்டான்.

வந்த விருந்தாளிகளில் ஒருவர் மின்சாரக் கம்பி இழுக்கும் ஒப்பந்தக்காரரின் என்ஜினீயர். பெங்களூர்க்காரர், இளவயது, வெயில் தொப்பி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கமாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பலகாரம் சாப்பிடும்போது, அந்த ஆள் யார் என்று கேட்டார். தேனீ வளர்ப்பு மாணவன் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களுக்கு இப்படி எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டேன். ஆறு பேர் ஒரு செட், செட்டாகத்தான் எடுப்பேன், கம்பத்தில் ஏற்றிப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றார்.

குழுவிடம் அனுமதி கேட்டால் அடுத்த குடியரசு தினம் வந்துவிடும். அவசரத்தில் பொறுப்பாளரே முடிவு செய்து பிறகு தெரிவிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. வெள்ளம், தீ, கொள்ளை நோய் ஆகியவற்றுக்காக எழுதிய விதி. வேலையின்மையையும் நான் அதில் சேர்த்துக்கொண்டேன். பழைய கள் இறக்கிகளில் ஆறு பேரைப் பொறுக்கி, ஒரு வயர்மேனைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தேன். கம்பம் வாங்க வழியில்லை. வளாகத்தில் தைலமரங்கள் இருந்தன. ஆளுக்கொரு மரத்தில் ஏறி, இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, பீங்கான் குமிழைப் பொருத்தி இறங்கப் பழகினார்கள்.

தினமும் காலையில் ஒவ்வொருவனும் தன் மரத்தடிக்குப் போய் நிற்பான். ஒரு நாளும் தகராறு இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. மரத்தில் தலை உயரத்துக்கு ஈச்ச ஓலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவர்களிடம் உள்ள ஒழுங்கு தையல் வகுப்பில்கூட இல்லை என்று குழுவுக்குப் பெருமையாக எழுதினேன். ஒழுங்கு என்று எழுதியது சரிதான். யாருடைய ஒழுங்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

சோதனை நாள் வந்தது. முதல் நாள் மாலையே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து முற்றத்தில் ஒரு மரக் கம்பத்தை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கருப்பெண்ணெய் பூசிய, நெட்டையான, புதுக் கம்பம். என்ஜினீயர் ஒரு மேஸ்திரியோடு ஜீப்பில் வந்தார். அவருக்கு அவசரம், மறுநாள் வேலை தொடங்க வேண்டும். இந்த ஆறு பேர் தேறாவிட்டால் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரத் தகவல் கொடுத்து வைத்திருந்தார். நேர்மையான மனிதர், அதையும் என்னிடம் சொல்லிவிட்டார்.

முதலில் மாதப்பன். ஏறினான், வாரை மாட்டினான், குமிழைப் பொருத்தினான், கையை உதறிக்கொண்டு இறங்கினான். என்ஜினீயர் மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார். மாதப்பன் நேரே வந்து எங்கள் பக்கம் நிற்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு ஈச்ச ஓலைத் துண்டை எடுத்து, தலை உயரத்துக்குக் கம்பத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் கல்யாண மாப்பிள்ளையின் களை.

அடுத்தவன் திம்மராயன், ஆறு பேரில் இளையவன். கம்பத்தடிக்குப் போனான். ஓலையைப் பார்த்தான். திரும்பி வந்து வரிசையில் நின்றுகொண்டான்.

என்ஜினீயர் தமிழில் ஏறச் சொன்னார், கன்னடத்தில் சொன்னார். அவன் தரையைப் பார்த்தான். மூன்றாமவனைக் கூப்பிட்டார், அவன் கம்பத்தடிக்கே போகவில்லை. நான்காமவனும் ஐந்தாமவனும் அப்படியே. கடைசி ஆள் கெம்பன். அவன் கம்பத்தை ஒரு பார்வை, மாதப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மேஸ்திரி காதுபட ஒரு வார்த்தை விட்டான். "உள்ளே கள்ளு போனாத்தான் இவனுங்க காலு மேலே போகும் போல."

திம்மராயனின் காது சிவந்தது.

என்ஜினீயர் என்னிடம் வந்தார். பயந்த ஆட்களை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது, ஒருவன் மட்டும் ஏறினால் செட் ஆகாது, மன்னிக்க வேண்டும் என்றார். அதாவது மாதப்பனும் இல்லை. மாதப்பன் அதைக் கேட்டான். முகத்தில் இருந்த களை அப்படியே கீழே இறங்கியது. ஆனால் அவன் நகரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வாயிலும் அதுதான் வந்தது. "கீழ்ப்படியாமை" என்று ஒரு சொல் நம் தொழிலில் இருக்கிறது. மிகவும் சௌகரியமான சொல். அதை எழுதிவிட்டால் யோசிக்கும் வேலை முடிந்துவிடும். நான் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் களிக் கரண்டியோடு ராமக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவங்க பயந்துக்கலம்மா," என்றாள். "அது அவரு மரம்."

"யார் மரம்?"

"ஓலை கட்டிட்டாரு இல்ல? ஒருத்தன் கட்டுன மரத்துல இன்னொருத்தன் ஏறுனா திருட்டும்மா. பானையில கள்ளு இருந்தாலும் திருட்டு, இல்லாட்டியும் திருட்டு."

"ராமக்கா, இது மரம் இல்லை. கம்பம்."

"மரத்துல செஞ்ச கம்பம்தானே?"

இதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் இல்லை.

எனக்குத் தைலமரங்கள் நினைவுக்கு வந்தன. மாதக்கணக்காக ஒருவன் மரத்தில் இன்னொருவன் ஏறியதே இல்லை. இவர்கள் விதியை மீறிக்கொண்டு நிற்கவில்லை, விதிப்படி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த விதியை எழுதிய ஆபீஸ்தான் வேறு.

இதற்குள் மேஸ்திரி, ஓலைதான் தொந்தரவு என்று எப்படியோ புரிந்துகொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கிப் போனான். மாதப்பன் ஒன்றும் பேசாமல் போய்க் கம்பத்துக்கும் மேஸ்திரிக்கும் நடுவே நின்றான். சண்டைக்குத் தெலுங்கு, கொடுக்கல் வாங்கலுக்குக் கன்னடம், எங்களுக்குத் தமிழ் என்று மூன்று பாஷை வைத்திருந்தவன் அவன். அப்போது மூன்றும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அங்கே ஒரு அடி விழுந்தால் நன்னடத்தைப் பத்திரம் அன்றோடு முடிந்தது.

மேஸ்திரியைத் திரும்பி வரச் சொன்னேன். அவன் என்ஜினீயரைப் பார்த்தான். இந்த வளாகத்தில் கத்தி எடுக்க என் அனுமதி வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி இல்லை. சொன்ன பிறகு இருந்தது.

"அவனையே அவிழ்த்துவிடச் சொல்," என்றேன் ராமக்காவிடம்.

"அவுக்க மாட்டாரும்மா. நீங்க சொன்னாலும், நான் சொன்னாலும். கள்ளு இல்லேன்னு ஆன அன்னிக்கு அவரவர் ஓலைய அவரவரே அறுத்தாங்க. இவரு அத்தனை மரத்துலயும் அறுத்துட்டு வந்து, ரெண்டு நாளு பேசல. அதுக்கப்புறம்தான் டியூபத் தூக்குனாரு." கரண்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "மறுபடி அவுக்கச் சொன்னா இன்னிக்கே சாவடிக்குப் போயிடுவாரு."

என்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கம்பம் நட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் கிருஷ்ணகிரி வரைக்கும் கம்பங்கள். ஒவ்வொன்றும் யார் மரம்? மாதப்பன் கட்டியதில் கெம்பன் ஏற மாட்டான், கெம்பன் கட்டியதில் திம்மராயன் ஏற மாட்டான். ஒரு கம்பத்துக்கு ஒரு ஆள் என்றால் அது ஒப்பந்த வேலை இல்லை, தென்னந்தோப்பு. ஓலையும் இருக்க வேண்டும், ஆறு பேரும் ஏற வேண்டும். விதியை உடைக்க முடியாதபோது அதே விதியில் விலக்கு என்ன என்று பார்க்க வேண்டும். விலக்கு இல்லாத விதியை மனிதர்கள் இதுவரை எழுதியதில்லை. என் உத்தியோக வாழ்வில் நான் கற்றுக்கொண்ட ஒரே தத்துவம் இது.

"ஒரு மரத்தில் இரண்டு பேர் ஏறுவதே கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? பங்காளி மரம்னா ஏறலாம். கட்டுனவன் தன் கையால பக்கத்துலயே அவனுக்கும் ஒரு ஓலை கட்டணும். அப்புறம் பங்குதான்."

"சொந்தம் இல்லாதவனுக்கும் கட்டலாமா?"

"கட்டுனா சொந்தம்தான்," என்றாள் ராமக்கா. பிறகு வரிசையின் கடைசியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நாலு பேருக்குக் கட்டுவாரு. கெம்பனுக்கு மாட்டாரு."

கெம்பன் விஷயம் நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். கள் இருந்த காலத்தில் அவன் ஒரு தடவை மாதப்பன் கட்டிய மரத்தில் ஏறிப் பானையில் வாய் வைத்திருக்கிறான். மாதப்பன் கீழே காத்திருந்து கையை முறித்தான். கை கூடிவிட்டது, பேச்சுக் கூடவில்லை. நிலையத்தில் ஒரே பந்தியில் சாப்பிட்டாலும் உப்புக் கேட்கக்கூட மூன்றாவது ஆள் வேண்டும்.

நான் என்ஜினீயரிடம் போனேன். ஆட்கள் தயார், பொறுப்பு ஒப்படைக்கும் நடைமுறை மட்டும் பாக்கி இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்கள் ஆபீசில் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் எழுத்து மூலம் பொறுப்பு வாங்காமல் உட்காருவாரா என்று கேட்டேன். மாட்டார் என்றார். இவர்களும் மாட்டார்கள், இவர்கள் எழுதுவது ஓலையில் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். துடைப்பம் வந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மரத்தடியில் போய் நின்று சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார்.

வளாகத்தில் ஈச்சமரம் கிடையாது. ஆனால் நம் பக்கத்தில் எந்த வீட்டில் பெருக்கினாலும் ஈச்ச ஓலைத் துடைப்பத்தால்தான் பெருக்குவார்கள். சாமான் அறையிலிருந்து புதுத் துடைப்பம் ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். புதுசுதான் வேண்டும் என்று ராமக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானே கட்டைப் பிரித்து ஓலைகளை உருவினேன்.

மாதப்பனிடம் அவிழ்க்கச் சொல்லவில்லை. கட்டியது கட்டியபடி இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவன் கண் அப்போதுதான் மேஸ்திரியின் கத்தியை விட்டு என் பக்கம் வந்தது.

"மாதப்பா, உன் மரத்தில் பங்குக்கு ஆள் சேர்த்துக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

"எத்தினி பேருங்க?"

"ஐந்து."

அவன் கம்பத்தை மேலிருந்து கீழ்வரை அளந்தான். "ஒரு மரத்துக்கு அஞ்சு பங்காளியா? ஆளுக்கு ஒரு சொட்டுதான் வரும்."

வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு வந்தால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பத்து ஓலையை வாங்கினான். தன்னுடைய ஓலைக்குப் பக்கத்தில் திம்மராயனுக்கு ஒன்று கட்டினான். கட்டும்போது பெயரைச் சொன்னான். அடுத்தவனுக்குக் கட்டினான், பெயரைச் சொன்னான். நான்கு பேருக்கு ஆயிற்று. ஐந்தாவது ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பிள்ளைக் கூடத்தில் ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டு. அது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரப்படுவதில்லை. நான் அப்போது கட்டளையிட்டிருந்தால் கட்டியிருப்பான், எனக்காகக் கட்டியிருப்பான். எனக்காகக் கட்டிய ஓலை ஓசூர் தாண்டாது.

கெம்பன்தான் பேசினான். கையைக் கட்டியபடியே, கம்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணா, அன்னிக்குப் பாதிப் பானைதான் குடிச்சேன்."

மாதப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. "பாதியா? அடியில ஈதான் செத்துக் கிடந்துச்சு. மீதிப் பாதிய அது குடிச்சுதா?"

"பெரிய ஈ அண்ணா அது."

முதலில் சிரித்தது ராமக்கா. பிறகு திம்மராயன். அதன் பிறகு யார் சிரித்தார்கள் என்று கவனிக்க முடியவில்லை, ஏனென்றால் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மாதப்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாவது ஓலையைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டான். மற்ற நான்கையும்விட ஒரு சாண் கீழே கட்டினான்.

"இவனுக்கு இந்த உசரம் போதும்," என்றான். முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுப் பெயரைச் சொன்னான். "கெம்பன்."

அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள், இறங்கினார்கள். என்ஜினீயருக்கு இரண்டாவது சிகரெட் தேவைப்படவில்லை. மேஸ்திரி கத்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு செட் ஆட்கள் இப்படிக் கிடைப்பார்களா என்று ராமக்காவிடம் விசாரித்தான். கள்ளு ஊத்தினால் கிடைப்பார்கள் என்று அவள் சொன்னாள். அவன் தான் விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஆறு பேரும் ஜீப்புக்குப் பின்னால் வந்த லாரியில் ஏறிப் போனார்கள். முற்றத்துக் கம்பத்தைப் பயிற்சிக்கென்று என்ஜினீயர் எங்களுக்கே விட்டுவிட்டார். வழியில் ஒவ்வொரு கம்பத்துக்கும் இந்தச் சடங்கு நடந்தால் என்ன ஆவது என்று எனக்குக் கவலை. ஒரு வாரம் கழித்து மாதப்பன் வந்தபோது கேட்டேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். சாலையில் நட்ட முதல் கம்பத்தில் ஆறு ஓலையும் கட்டியாயிற்று, அங்கிருந்து கடைசிக் கம்பம் வரைக்கும் போவது ஒரே கம்பிதானே, கம்பி போகிற இடமெல்லாம் பங்குதான் என்றான். அந்த ஆண்டு நான் படித்த எந்தச் சுற்றறிக்கையும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அவன் பத்திரத்துக் காலம் முடிந்து மாஜிஸ்திரேட் கோப்பை மூடினார். ராமக்கா தாய் வீட்டுக்குப் பண்டிகைக்கு மட்டும் போய் வந்தாள். எங்கள் மூலையில் ஊர் ஊராக விளக்கு எரிந்தது. குழுவின் அறிக்கையில் அது மின்சார வளர்ச்சி என்ற தலைப்பில் ஒரு வரியாக வந்தது. அதற்கு மேலே சோப்பைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் பொழுது சாய்ந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே விளக்குகளைப் பார்த்து, இது எங்கள் ஆட்கள் ஏறிய கம்பி என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து மாதப்பன் ஒரு நாள் மொட்டைத் தலையோடு நிலையத்துக்கு வந்தான். திடுக்கிட்டு, யார் என்று கேட்டேன். கெம்பனின் தாயார் தவறிவிட்டாள் என்றான். கெம்பன் இவனுக்கு உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. நான் விழித்ததைப் பார்த்துவிட்டு விளக்கினான். "பங்காளி வீட்டுச் சாவுங்க டீச்சரம்மா. ஓலை கட்டியிருக்குதில்ல?"

அடுத்து வந்த கம்பி வேலை வகுப்புகளில் கள் இறக்கியவர்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் வந்தார்கள், வெளி ஜில்லாக்காரர்கள் வந்தார்கள். யாருக்கும் ஈச்சமரத்தின் சட்டம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பும் முடிந்து போகும்போது, போகிறவர்கள் வருகிறவர்களுக்கு அந்தக் கம்பத்தில் ஓலை கட்டிவிட்டுப் போவது நின்றதில்லை. மரக் கம்பம் உளுத்துச் சிமெண்டுக் கம்பம் வந்தபோதும் ஓலை இடம் மாறிவந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் இது மூடநம்பிக்கையா என்று கேட்டார். பொறுப்பு ஒப்படைப்பு என்றேன். குறித்துக்கொண்டு போனார்.

நம்மிடம் வருகிறவன் ஒன்றும் இல்லாமல் வருகிறான் என்று நம் விண்ணப்பப் படிவங்கள் சொல்லும். தொழில் இல்லை, படிப்பு இல்லை, நிலம் இல்லை. நம்பாதீர்கள். அவன் ஒரு முழுச் சட்டத்தைச் சுமந்துகொண்டு வருகிறான். அவன் நீங்கள் சொன்னதைச் செய்யாமல் நிற்கும்போது, அவன் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான் என்று கேளுங்கள். கேட்க நேரமில்லை என்றால் களி கிண்டுகிறவளைக் கேளுங்கள்.

இப்போதைய வகுப்பு அடுத்த மாதம் முடிகிறது என்று கேள்வி. அவர்கள் கிளம்புவதற்குள் அந்தக் கம்பத்தில் மறுபடியும் ஆறு ஓலைகள் கட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். ஓலைக்கு எங்கே போவது என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். சாமான் அறையில் துடைப்பம் இருக்கும். புதுசாக எடுங்கள்.